அப்பா கீறாத பக்கம்

சித்தி எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் அழைத்த மனிதர் ஒரு சோபாவைத் தோளில் சுமந்துகொண்டுதான் உள்ளே வந்தார். அப்போது நாங்கள் கனடாவில், ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினோராம் மாடியில் இருந்தோம். படுக்கையறை ஒன்றுதான், அதில் அப்பாவும் அம்மாவும். ஹோலில் மெத்தை போட்டு நானும் சித்தியும். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. இருபத்துமூன்று வயது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. யாரோ தெருவோரம் கழித்துவிட்ட சோபாவை அப்பா கண்டுபிடித்து வாசல்வரை இழுத்து வந்துவிட்டார். எலிவேற்றரோ வழக்கம்போல வேலை செய்யவில்லை. சித்தி தன்னோடு வேலை செய்யும் ஒருவருக்குப் போன் எடுத்தார். அவர் வந்து, அப்பாவின் மரியாதைக்காக ஒரு மூலையை அவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பதினொரு மாடியும் தானே சுமந்தார்.

அப்பாவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. தேத்தண்ணி குடிக்கும்போது எந்த ஊர் என்று விசாரித்தார். அவர் சொன்னது எங்கள் ஊரின் பெயர். அப்பா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

“ஊரிலை எவடம், தம்பி?”

இந்தக் கேள்வியை அறியாதவர்கள் இதை இடம் விசாரிப்பது என்றே நினைப்பார்கள். எந்தக் குறிச்சி, எந்தத் தெரு ஒழுங்கை, எந்தக் கிணற்றடி என்று தெரிந்தால் ஆள் என்ன சாதி என்பது தெரிந்துவிடும். சாதியை நேரே கேட்பது பண்பில்லை. நாங்கள் பண்பான சனம். ஆகவே இடத்தைக் கேட்போம். பத்து வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு பேர் ஊரை நினைத்து உருகுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றார் அவர். அது பொய்யில்லை, பள்ளிக்கூடத்துக்கு நாலு பக்கமும் பக்கம்தானே. அப்பா விடாமல் தோண்டினார். சின்ன வயதிலேயே வவுனியாவுக்குப் போய்விட்டோம், ஊர் அவ்வளவு ஞாபகமில்லை என்று அவர் சமாளித்தார். அப்பாவும் இளமையிலேயே கொழும்புக்கு வேலைக்குப் போனவர்; தனக்குப் பின்னால் பிறந்தவர்களை அவருக்கு அடையாளம் தெரியாது. கேள்வி அந்தரத்தில் நின்றது. ஆனாலும் சோபா சுமந்தவர் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார். ரீவியின் அன்ரெனாவைத் திருத்தினார், பல்கனியில் புறா வராமல் வலை கட்டினார். நான் அவரை அங்கிள் என்றேன். அம்மா அப்பா இல்லாத நேரம் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும்படி சித்தி என் காதுக்குள் சொல்லிவிட்டுச் சிரிப்பார். அப்படிச் சிரித்த சித்தியைப் பிறகு நான் காணவில்லை.

அந்த வசந்த காலத்தில்தான் தென்னாபிரிக்காவில் கறுப்பு மக்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். ரீவியில் மைல் கணக்கில் வரிசைகள். அப்பா வேலைக்களைப்பையும் பாராமல் சோபா நுனியில் இருந்து பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வகுப்பு ஆசிரியையும் அதைப்பற்றியே படிப்பித்தார். சட்டம் போட்டு மனிதரை நிறவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்களாம். பூங்காவில் இருக்க வெள்ளையருக்கு ஒரு வாங்கு, மற்றவருக்கு வேறு வாங்கு. ஒரு கடலுக்கு இரண்டு கரை. கறுப்பர்கள் நகரத்துக்குள் போக ஒரு அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்து மறியலில் போடுவார்கள். ஒரு நாள் லொறி வந்து தெருவோடு சனத்தை ஏற்றிக்கொண்டுபோய் வெட்டவெளியில் இறக்கிவிடும், அந்தத் தெரு இனி வெள்ளையருக்கு என்று. கலியாணத்துக்கும் சட்டம் இருந்தது; நிறம் மாறிக் கட்டினால் பொலிஸ் வீடு புகுந்து பிடிக்கும். எனக்குக் கடற்கரைதான் மிகப்பெரிய அநியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

சித்தி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, கலியாணத்தையுமோ தடுத்தவங்கள் என்று கேட்டார்.

“மிருகங்கள்,” என்றார் அப்பா. “ரெண்டு பேர் விரும்பினால் கட்டிறதுதானே. அதைத் தடுக்க இவங்கள் ஆர்?”

சித்தி மடித்த சட்டையைத் திரும்ப விரித்து மீண்டும் மடித்தது ஞாபகமிருக்கிறது. அப்பாவின் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சித்தி துணிந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வாரமே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அம்மா முகத்தை நீட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார். அப்பா யோசித்துவிட்டு, நல்ல பெடியன், அவன்ரை ஆக்கள் ஆரையாவது வந்து கதைக்கச் சொல்லு, ஆர் எவர் எண்டு பாப்பம் என்றார். அங்கிளுக்கு இங்கே ஒரு பெரியப்பா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர் வருவதாக ஏற்பாடு.

அதே வாரம்தான் எனக்கும் ஒரு வீட்டுவேலை வந்தது. ஆசிரியை தென்னாபிரிக்க நகரம் ஒன்றின் வரைபடத்தை வகுப்பில் தொங்கவிட்டிருந்தார். வெள்ளையர் பகுதி மஞ்சள், கறுப்பர் பகுதி மண்ணிறம், நடுவில் ஒருவரும் வீடு கட்டக்கூடாத ஒரு வெற்றுத் துண்டு நிலம். இதே மாதிரி உங்கள் குடும்பம் வந்த ஊரையும் கீறுங்கள் என்றார். கீழே மூன்று கேள்விகள்: யார் எங்கே வாழ்ந்தார்கள், யார் எங்கே போக முடியாது, அதற்கு என்ன சட்டம். சோமாலியப் பிள்ளை, பிலிப்பீன்ஸ் பிள்ளை, நான், எல்லாரும் பெரிய வெள்ளைக் காகித மட்டை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அப்பா என்னைக் கீற விடவில்லை. வேலை முடிந்து வந்தவர் கையைக் கழுவிவிட்டு மட்டைக்கு முன்னால் குந்தினார். கோயில், தேர்முட்டி, பள்ளிக்கூடம், வாசிகசாலை, தபாற்கந்தோர். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் அளந்து கோடு போட்டார். எங்கள் வீட்டைக் கீறி, பக்கத்தில் கிணற்றைக் கீறி, அதற்கு நீல நிறம் அடிக்கச் சொன்னார். எங்கடை கிணறு, நல்ல தண்ணி, ஊரே வந்து அள்ளும் என்றார். மட்டையின் கீழ்ப்பக்கத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை போட்டார். அதற்கு அங்கால் உள்ளங்கை இரண்டளவு இடம் வெறுமையாக இருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“உங்காலை ஒண்டுமில்லை. பனங்காணி.”

சனிக்கிழமை அப்பா வேலைக்கும் அம்மா மரக்கறி வாங்கவும் போயிருந்தார்கள். அடுத்த நாளுக்கென்று சித்தி என் நல்ல சட்டையையும் சோபாத் துணியையும் அள்ளிக்கொண்டு நிலக்கீழ் மாடியில் இருந்த லோண்டரிக்குப் போனார். அங்கிள் அந்த நேரம் வந்தார். பெரியப்பா வருவது உறுதி என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர். சித்தி வரும்வரை இருந்தார். நான் வரைபடத்தைக் காட்டினேன்.

அவர் நிலத்தில் குந்தி அதைப் பார்த்தார். முதலில் சிரித்தார். கோயிலைத் தொட்டார், ஒழுங்கைகளில் விரலை ஓட்டினார். கிணற்றில் விரல் நின்றது. இது யாருடைய வீடு என்று கேட்டார். எங்கள் வீடு என்று பெருமையாகச் சொன்னேன். ஊரே வந்து அள்ளும் என்றும் சொன்னேன்.

“உந்தக் கிணத்தடியிலை என்ரை அம்மா குடத்தோடை நிண்டவ,” என்றார். “நாங்கள் அள்ளேலாது. ஆரும் வந்து அள்ளி ஊத்தினால்தான்.”

கீழே இரண்டாம் கேள்வி வெறுமையாக இருந்தது. எனக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது. வேறு எங்கே போக முடியாது என்று கேட்டேன். கோயிலுக்கு உள்ளே, வாசிகசாலைக்குள், தேத்தண்ணிக் கடையில் வாங்கில் இருக்க என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் என் பென்சிலை வாங்கினார். அப்பா ஒன்றுமில்லை என்ற இடத்தில் பதினாறு வீடுகள் கீறினார். ஒரு மரத்தடியில் சின்னக் கோயில். உவர்த் தண்ணீர்க் கிணறு ஒன்று. கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேசிமரத்தைக் காயெல்லாம் வைத்துக் கீறி, அது தங்கள் வீடு என்றார். அப்பாவைவிட நன்றாகக் கீறினார். எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

மூன்றாம் கேள்வியை வாசித்துக் காட்டினேன். இதற்கெல்லாம் என்ன சட்டம்?

“அதை அப்பாட்டைக் கேள்,” என்றார். பிறகு உடனே, “வேண்டாம், விடு பிள்ளை,” என்றார்.

அந்த இரண்டு வசனங்களில் எது அவர் மனதில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாரோ, அந்தக் கிணற்றைக் கண்டு மனம் பொறுக்கவில்லையோ, அல்லது பத்து வயதுப் பிள்ளையின் மட்டையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாரோ. நான் முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைப்பார்கள், கட்டாயம் வர வேண்டும் என்றேன். வருவதாகச் சத்தியம் பண்ணினார். சித்தி மேலே வந்தபோது மட்டையைச் சுருட்டிவிட்டேன். முழுதாக முடித்துவிட்டுக் காட்டத்தான்.

ஞாயிறு காலை வீடு முழுக்க உழுந்து வடை மணம். சித்தி அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டி, நெற்றிப் பொட்டை மூன்று தரம் அழித்து வைத்தார். நான் ஒரு மூலையில் நிறம் அடித்து முடித்தேன். கோயில் பக்கத்துக்கு மஞ்சள். அங்கிள் கீறிய பக்கத்துக்கு ஆசிரியையின் படத்தில் இருந்ததைப் பார்த்து மண்ணிறம். நடுவில் ஒழுங்கையை வெள்ளையாக விட்டேன். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போய், இதற்கு என்ன சட்டம் என்று கேட்டேன்.

அப்பா சவரம் செய்த முகத்தோடு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மட்டையை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“உந்த வீட்டை ஆர் கீறினது?”

அங்கிள் கீறினது, அது அங்கிளின் வீடு, அவர்கள் எங்கள் கிணற்றில் அள்ள முடியாதாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா என்னை ஏசவில்லை. மட்டையை மெதுவாக மேசையில் வைத்தார். எழும்பிப்போய் அடுப்பை நிற்பாட்டி, அம்மாவையும் சித்தியையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

கதவு மெல்லிய கதவு. அம்மாதான் முதலில் அழுதார். உனக்கு உலகத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சித்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அத்தான், நீங்கள்தானே அண்டைக்கு மிருகங்கள் எண்டு சொன்னனீங்கள்.”

“அது வேறை,” என்றார் அப்பா.

பிறகு அப்பா வெளியே வந்து போன் எடுத்தார். தம்பி, இண்டைக்கு வசதிப்படாது, பிறகு சொல்லுறன் என்று வலு மரியாதையாகச் சொன்னார். அந்தப் பிறகு வரவே இல்லை. அம்மா அலுமாரியைத் திறந்து, அங்கிள் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் மாடிக்கோடியில் இருந்த குப்பைக் குழாய்க்குள் போட்டார். கோப்பை உடைந்திருக்கவில்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் விட்டேன். எனக்கு அப்போது இருந்த ஒரே பயம் என் மட்டையைப் பற்றித்தான். அதைக் கிழித்துவிடுவார்களோ என்று விக்கி விக்கி அழுதேன். அப்பா அதைச் சுருட்டி என் கையில் தந்தார். கொண்டுபோ, வெள்ளைக்காரிக்கு உதிலை என்ன விளங்கப்போகுது என்றார்.

சித்தி அன்று பின்னேரம் வரை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தார். வெளியே வந்ததும் என் பக்கத்தில் இருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“ஏன் அப்பாட்டைக் காட்டினனீ?”

“அங்கிள்தான் அப்பாட்டைக் கேக்கச் சொன்னவர்,” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. மற்ற வசனத்தைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். பழி என்னில் விழக்கூடாது என்ற பயம். சித்தி என்னையே பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அழவில்லை, அப்பாவோடு வாதாடவும் இல்லை. அதுவரை எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவர் விட்டுவிட்டார். தன்னைக் கேளாமல் அங்கிளே எல்லாவற்றையும் உடைத்துவிட்டார் என்று நம்பியிருப்பார். அப்பா சாத்திய கதவும் அம்மா அழுத அழுகையும் செய்யாத வேலையை என் அந்த ஒரு வசனம் செய்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சித்தியிடம் சொல்ல எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்திருக்கிறேன். சொன்னால் என்ன மாறும்? அவருக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது.

அடுத்த கிழமையே சித்தியை வேலையிலிருந்து நிற்பாட்டி, மொன்றியலில் இருந்த அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டுக்கு காரில் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே எங்களுடைய ஆட்களிலேயே ஒருவரைப் பேசி முடித்தார்கள். அவருக்குச் சித்தியைவிடப் பதினைந்து வயது அதிகம். தலையில் முடி இல்லை, ஆனால் ஊரில் எவடம் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. எனக்கு ரோஸ் நிறத்தில் புதுச் சட்டை வாங்கினார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் அப்பா எடுத்துக் கேட்டுவிட்டுப் பேசாமல் வைத்துவிடுவார்.

கோடை விடுமுறைக்கு முன்னால் கண்காட்சி வந்தது. எல்லாருடைய வரைபடங்களையும் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் பின்னேர வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வந்து பார்க்கப் பார்க்க நான் என் மட்டைக்குக் கீழே தனியாக நின்றேன். அப்போது அங்கிள் வந்தார். தோய்த்து மினுக்கிய சேர்ட், வாரிய தலை. கண் மட்டும் வகுப்பு முழுவதும் யாரையோ தேடியது.

“சித்தி வரேல்லையோ?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி மொன்றியலில், ஆவணியில் கலியாணம், மாப்பிள்ளைக்கு இரண்டு கார், எனக்கு ரோஸ் சட்டை. அவருக்கு நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். சித்தி தனக்கு ஏதாவது சொல்லிவிட்டவவோ என்று கேட்டார். இல்லை, அப்பாவிடம் கேட்கச் சொன்னது நீங்கள்தான் என்று நான் சொன்ன பிறகு ஒன்றுமே பேசவில்லை என்றேன். அவர் படத்தைப் பார்ப்பதுபோல சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

ஆசிரியை வந்தார். இவர் என் சித்தப்பா என்று அறிமுகம் செய்தேன். சித்தி அப்படிக் கூப்பிடச் சொன்னதுதானே. ஆசிரியைக்கு மிகவும் சந்தோஷம். மிக நல்ல படம், ஆனால் மூன்றாவது கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறாள் என்று அவரிடம் குறை சொன்னார். மண்ணிறப் பகுதியைக் காட்டி, இந்த மக்கள் இந்த ஒழுங்கையைத் தாண்டி வரக்கூடாது என்று என்ன சட்டம் இருந்தது என்று கேட்டார்.

அங்கிளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். சட்டம் ஒன்றும் இல்லை, மிஸ் என்றார்.

பல வருடங்களின் பின் நூலகத்தில் தேடியபோதுதான் தெரிந்தது, சட்டம் இருந்தது. அப்படியெல்லாம் தடுக்கக்கூடாது, தடுத்தால் தண்டனை என்று எழுதிய சட்டம். ஊரில் அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. சட்டம் இல்லையென்றால் உங்கள் நாடு எவ்வளவோ மேல், தென்னாபிரிக்காவில் சட்டம்தான் மக்களின் வாழ்க்கையையே நாசமாக்கியது என்றார். அங்கிள் யெஸ் மிஸ் என்றார். ஆசிரியை என்னிடம் பேனையைத் தந்து, அவர் சொன்னதை எழுதச் சொன்னார். சட்டம் எதுவும் இல்லை என்று வெற்றிடத்தில் எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியை அதற்குச் சரி போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். எழுத்து நேராக வந்திருக்கிறதா என்று அவரைக் கேட்டேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். “கெட்டிக்காரி,” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். கெட்டிக்காரி என்று என்னை அதற்கு முன்னர் யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துத் துள்ளிக்கொண்டு வந்தேன்.